சரஸ்வதியின் முழங்கால்

டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனாலும் கல்யாணமான முதல் வருடத்தில் ஆறு டென்னிஸ் வீரர்களுக்கு மேலாளராக இருந்தேன். எல்லாம் போனில்தான்.

மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும்போது அந்தப் போன் விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. நாம் ஆடவேண்டியதில்லை. வீரர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, போட்டிக்கு அனுப்பினால் போதும், அவர்களே ஆடிக்கொள்வார்கள். அவர்களுடைய வெளிநாட்டுப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. பெயரை மாற்றலாம் என்றிருந்ததால் வீட்டு ஆட்களின் பெயர்களையே வைத்தேன். (பெரிய புத்திசாலி என்று நினைப்பு!) என் மாமியார் பெயர் சரஸ்வதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். (இது நிஜ முழங்கால்.) விருந்துக்கு வந்திருந்த கணவரின் அக்கா, இங்கிலீஷ் டீச்சர், மணி பார்க்க என் போனை எடுத்தார். விளையாட்டின் துணைப் பயிற்சியாளர் அனுப்பிய செய்தி திரையில் இருந்தது. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் அதைத் தமிழாக்கி உரக்கப் படித்தார்:

"சரஸ்வதியின் முழங்கால் போய்விட்டது. இனி வைத்திருந்து பிரயோசனமில்லை. அனுப்பிவிடலாமா?"

கரண்டியோடு ஓடிவந்தேன். அத்தை தைலக் கையைக்கூட எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"என்னைய எங்க சாமி அனுப்பப் போற?"

"அய்யோ, அது நீங்க இல்லைங்க அத்தை!"

"இந்த ஊட்டுல வேற எந்தச் சரஸ்வதி இருக்கறா?" என்றார் அண்ணி. "முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டிருக்கறயா?"

அண்ணி போன் போட்டதில் என் கணவர் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளையாட்டைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன்.

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"அதுல நானும் இருக்கறனா?"

"மூணாவது எடத்துல இருக்கறீங்க மாமா."

"பரவால்லயே. அப்ப மொத எடம் ஆரு?"

பொய் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் போன் அவர் கைக்குப் போய்விட்டது. முதலிடத்தில் இருந்தது என் அப்பா. ஆறாவதாக, அதாவது கடைசியாக, என் கணவர். உள்ளே பணியாரம் கருகியது.

கடைசியில் அத்தைதான் பேசினார். "அந்தப் புள்ளைக்கு வைத்தியம் பாக்க வழியில்லியா?"

"இருக்குதுங்க. ஆனா தேறறது செரமம்னு..."

"தேறுனாத் தேறட்டும், தேறாட்டிப் போகட்டும். அனுப்பறதெல்லாம் ஆகாது."

அவர் கண்ணெதிரிலேயே சிகிச்சைக்கான பட்டனை அழுத்தினேன். மறுநாள் லீவு போட்டு அவரையும் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு அவர் முழங்கால் தேறிவிட்டது. போனில் இருப்பவள் தேறவில்லை. விளையாட்டுக் கணக்கில் அவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. எல்லாப் போட்டியிலும் முதல் சுற்றிலேயே தோற்கிறாள். அவளால் என் அணி அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப் படி ஏறும்போதே அத்தை கேட்பார்: "இன்னைக்குச் செயிச்சனா சாமி?"

"அரையிறுதி வரைக்கும் வந்துட்டீங்க அத்தை."

"செரி உடு, மனசு சங்கடப்படாத. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக் காபி கொடுப்பார்.