ஐந்தாவது பாட்டுக்கு அழுதவர்

பக்கத்து அறையிலிருந்து விசும்பல் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு. டீ டம்ளரை வாயருகே கொண்டுபோன என் நாத்தனார் அப்படியே நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்ல. பாட்டு கேக்குறார்."

பதற்றப்படாதீர்கள், வாசகர்களே. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். பாட்டு கேட்பவர்களில் தலையாட்டுபவர், தொடையைத் தட்டுபவர், கூடவே பாடி நம் உயிரை வாங்குபவர் என்று பல வகை உண்டு. பாடுபவர் இல்லாமல், வார்த்தை இல்லாமல், கம்ப்யூட்டரும் மின்சாரமும் கூடிச் செய்கிற எலக்ட்ரானிக் இசையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர் தனி இனம். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் உருகி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஃப்யூஸுக்கு அந்தப் பெயர்தான் போட்டிருந்தது. ஆனால் ஃப்யூஸ், மின்சாரம் அளவு மீறினால்தான் உருகும். நம் உருகிக்கு ஸ்விட்சைப் போட்டாலே போதும். சில நாள் அதுகூட வேண்டாம்.

அழுகைக்கு நான் விரோதி அல்ல. கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவுக்கு முன்பாக அழுகிறவள் நான். ஆனால் அழுவதற்கு நான் கதவைச் சாத்துவதில்லை. உருகி சாத்துவார். முழுக்க அல்ல, நான்கு விரல் இடைவெளி விட்டு. அழுகை வெளியே போக ஒரு வழி வேண்டாமா? பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, ஹெட்போனை மாட்டி, கைக்குட்டையை நாலாக மடித்து முழங்கால்மேல் தயாராக வைத்து, கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே "முடியல" என்பார். முடிந்த பிறகு "சொல்ல வார்த்தையே இல்லை" என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதி எங்கேயாவது போடுவார். முகம் தெரியாத ஒருவர் அதன் கீழே வந்து, எனக்கும் அதே இடத்தில்தான் உடைந்தது என்று எழுதிவிட்டால், அன்றுமுதல் அவர் கூடப் பிறந்த தம்பி. உண்மையிலேயே கூடப் பிறந்த தங்கை போன் செய்தால்? "அப்புறம் பேசறேன்மா, கேட்டுட்டு இருக்கேன்."

அந்தக் கூடப் பிறந்த தங்கைதான் என் எதிரில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அழுதுகொண்டிருந்தவர் என் கணவர்.

அவளுக்குக் காது ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனையும் கையில் ஒரு பட்டனையும் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க" என்று நாளெல்லாம் சொல்கிறவள். வேலை முடிந்து வந்து, இரண்டு வருடமாக எட்டுப் பாட்டுக் கொண்ட ஓர் ஆல்பம் செய்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அது வெளியாக வேண்டும். ஏழு பாட்டு முடிவாகிவிட்டது. ஐந்தாவதுதான் தொங்கலில் நின்றது. என் மாமியாரின் கடைசி மாதத்தில், நாத்தனார் வீட்டில் கட்டிலுக்கு அருகே ஓடிய ஆக்ஸிஜன் மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்து, அதைக் கொண்டு செய்த பாட்டு அது.

"அவருக்கும் அம்மாதானே அண்ணி. அண்ணன் கேட்டு, அடையாளம் கண்டு, இருக்கட்டும்னா வைப்பேன். இல்லன்னா எடுத்துடுவேன்" என்று போன வாரமே சொல்லியிருந்தாள். முன்கூட்டி வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

ஆல்பத்தை முந்தின நாள்தான் அண்ணனுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்துக்குள் குடும்பக் குழுவில் அவருடைய கடிதம் வந்து விழுந்தது. இடது காதில் ஓர் உயிர் கூப்பிடுகிறதாம். வெகு நேரம் கழித்து வலது காதில் இன்னோர் உயிர் பதில் சொல்கிறதாம். இரண்டும் ஒருமுறைகூடச் சேர்வதில்லையாம். இதுதானே வாழ்க்கை என்று எங்களையெல்லாம் கேட்டிருந்தார். "நடுவே ஒரு மௌனம் வருகிறது. அங்கே என் தாயைக் கண்டேன்" என்று முடித்திருந்தார். பெரியப்பா வீடு, சித்தி வீடு, யாரும் பாக்கியில்லாமல் கைகூப்பினார்கள். நான் மூன்று அழுமுகம் போட்டேன்.

"அம்மாவையே பாத்துட்டாராமே. அப்ப இருக்கட்டும்னுதானே அர்த்தம்?" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் அனுப்பினது ஆல்பம் இல்ல அண்ணி. ஃபைலுக்கெல்லாம் பேர் வைக்காம தேதிய மட்டும் போட்டு வெச்சிருந்தேன், மாறிப்போச்சு. காலையிலதான் பாத்தேன். அவர் கேக்குறது காது டெஸ்ட்."

இடது காதில் ஒரு 'பீப்'. வலது காதில் ஒரு 'பீப்'. அவ்வளவுதான். நடுவில் ஒன்றரை நிமிடம் ஒன்றுமே இருக்காது. அது வேண்டுமென்றே வைக்கிற பொறியாம். தன் காது பிரமாதம் என்று பெயர் வாங்க நினைக்கிறவர்கள் அந்த வெறும் இடத்திலும் விடாமல் பட்டனை அழுத்துவார்களாம்.

"காது கேக்காதவங்களுக்கு மெஷின் குடுத்துடலாம். கேக்காததுக்கெல்லாம் அழுத்துறவங்களுக்கு என்ன குடுக்கிறது அண்ணி?"

உள்ளே விசும்பல் உச்சத்துக்குப் போயிற்று. அந்த ஒன்றரை நிமிடம் வந்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் அவர் வெளியே வந்தார். கழுத்தில் ஹெட்போன், சிவந்த மூக்கு, தங்கையைப் பார்த்ததும் விரிந்த கை. அவள் எழுந்து நின்று கேட்டாள்.

"அஞ்சாவது எப்படி இருந்துச்சுண்ணா?"

"அதை மட்டும் கேக்காதம்மா. மறுபடி அழுதுடுவேன்."

எத்தனையாவது பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அவள் முகம் மாறவில்லை. அண்ணனுடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு சின்னப் பொய் சொன்னாள். ஐந்தாவதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறாளாம். இன்னொரு தரம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். தன் போனில் அவர் ஹெட்போனைச் சேர்த்து, அவளே அவர் காதில் மாட்டினாள்.

நான் அவர் தோளுக்கு அருகில் நின்றிருந்தேன். ஹெட்போனின் ஓரத்திலிருந்து அந்தச் சத்தம் கசிந்தது. உஸ்ஸ்... டப். உஸ்ஸ்... டப். ஒரு மாதம் நானும் அவளும் மாற்றி மாற்றி உட்கார்ந்து எண்ணிய சத்தம் அது. அடுத்த 'டப்' வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சத்தம். அவர் அந்த மாதத்தில் இரண்டு தடவை வந்தார். "இதைப் பாக்குற மனசு எனக்கில்ல" என்று வாசற்படியோடு திரும்பிப்போய், வீட்டில் பாட்டு கேட்டார்.

முப்பது நொடி. நாற்பது நொடி. கைக்குட்டை மடிப்புக் கலையாமல் கையிலேயே இருந்தது. நெற்றி சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றினார்.

"இது என்னம்மா, பழைய ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு சத்தம்?"

"ஒரு மெஷின்தாண்ணா."

"எடுத்துடு. உணர்ச்சியக் கெடுக்குது."

சத்தியமாவது ஒன்றாவது என்று நான் வாயெடுத்தேன். அவள் கண்ணாலேயே என்னை அடக்கினாள். "சரிண்ணா, கிளம்பறேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். அந்த மௌனத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதே, அதுதான் ஆல்பத்தின் ஜீவன் என்று அறிவுரை சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு நான்கு விரல் திறந்து நின்றது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குனிந்த தலையோடு அவள் கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணி?"

எழுதுவதற்கு என்னிடம் எவ்வளவோ வார்த்தைகள் உண்டு. அழுமுகமும் கணக்கில்லாமல் உண்டு. அவை எதையும் தொடாமல், அவள் கையைப் பிடித்து ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? நல்லது. இவ்வளவு தூரம் வந்ததில் உங்களுக்குக் கண்ணோரம் ஈரம் தட்டியிருந்தால் தாராளமாகத் துடைத்துக்கொள்ளுங்கள். துடைக்கும் முன் உங்கள் அறைக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, எங்கள் வாசற்கதவை நான் முழுக்கச் சாத்தினேன்.