தேவாங்கின் பலகையும் குரங்கின் அடாப்டரும்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமான தேவாங்குதான். பெயர் அஞ்சனாட்சி. சிங்க ராஜாவின் அரண்மனையில் பேனர் வரைகிற உத்தியோகம். அந்தக் காட்டில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் ராஜா சிரிக்கிற பேனர் ஒன்று வாசலில் நின்றாக வேண்டும். ராஜாவின் பிடரிமயிரை இழை இழையாக வரைகிற கை அஞ்சனாட்சிக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது.

அது வரைவது ஒரு பழைய மின்பலகையில். பலகைமேல் பேனாவால் கோடு இழுத்தால், ஒயர் வழியாகப் போய்க் கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கோடு விழும். பலகைக்கு மூலையெல்லாம் தேய்ந்துவிட்டது. ஆனாலும் கைக்குப் பழகிய பலகை. அஞ்சனாட்சிக்கு அதன்மேல் உயிர்.

அந்த வருஷ மழையில் அரண்மனைக் கம்ப்யூட்டருக்குள் கரையான் குடியேறிவிட்டது. ராஜா புதுசு ஒன்று வரவழைத்தார். தங்க நிறம், வெற்றிலை மாதிரி மெல்லிசு. கரண்டுக்கு ஒரு ஓட்டை, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு பொடி ஓட்டை, அவ்வளவுதான். பலகையின் ஒயர் நுனியோ அந்தக் காலத்துப் பட்டை நுனி. எப்படித் திருப்பிப் பிடித்தாலும் நுழையவில்லை.

ராஜா உறுமினார். “வெள்ளிக்கிழமை இளவரசருக்குக் காதுகுத்து. நான் எந்திரிக்கும்போது வாசல்ல பேனர் நிக்கணும். இல்லேன்னா உன் உத்தியோகம் கிளிக்கு.”

கிளிக்கு வரையத் தெரியாது. பக்கத்துக் காட்டுப் பேனரை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடும். ஒருமுறை அஞ்சனாட்சி காய்ச்சலில் கிடந்தபோது கிளி போட்ட பேனரில் ராஜாவுக்கு உடம்பெல்லாம் புள்ளி. அது பக்கத்துக் காட்டுச் சிறுத்தையின் படம். ராஜா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எடுப்பாத்தான் இருக்கு” என்றார். அந்த வார்த்தையை நினைத்தாலே அஞ்சனாட்சிக்கு இப்போதும் காய்ச்சல் வரும்.

பலகையை இடுக்கிக்கொண்டு ‘துரைக்கண்ணு எலக்ட்ரிகல்ஸ்’ கடைக்கு ஓடியது. துரைக்கண்ணு ஒரு குரங்கு. ஒயரைப் பல்லால் கடித்துப் பார்த்தே கோளாறு சொல்வதாகப் பேர்.

“அக்கா, பலகை பழசு, பெட்டி புதுசு. ரெண்டும் நேராப் பேசிக்காது. நடுவுல ஒரு அடாப்டர் வேணும்.”

அடாப்டரை மாட்டினாள். அதாவது, மாட்டியது, பதற்றத்தில் எனக்கே வாய் குழறுகிறது. பலகையில் விளக்கு எரியவில்லை. மறுபடியும் கடை.

“ஓட்டைக்குள்ள பாதிதான் தம்பி போகுது.”

“புதுசுன்னா அப்படித்தான்க்கா இறுக்கமா இருக்கும். அடாப்டருக்கு ஒரு அடாப்டர் போட்டுப் பாருங்க.”

அதற்கும் எரியவில்லை. அப்புறம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று, அதற்குத் தெம்பு கொடுக்கத் தனியாகக் கரண்டு வாங்குகிற ஒரு டப்பா, டப்பாவின் கரண்டுக்கு ஒரு நீட்டு ஒயர். மேஜையைத் தாண்டித் தரை வரை தொங்கியது வரிசை. போன் போட்டுக் கேட்டால், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பலகைமேல் பழி போட்டார்கள், பலகைக்காரர்கள் கம்ப்யூட்டர்மேல் போட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி; மத்தளத்தின் இடத்தில் அஞ்சனாட்சி. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று துரைக்கண்ணு விற்றுக்கொண்டே இருந்தது.

வியாழன் விளக்கு வைக்கிற நேரம். அஞ்சனாட்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தப் பொடி ஓட்டையைக் கடித்துவிடுகிற வேகத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுபோனது. கோயில் வாசனை வந்தது.

பெட்டி வந்து இறங்கிய அன்றே ராஜகுரு நரியார் அதற்குப் பூஜை போட்டிருந்தார். அந்தக் காட்டு வழக்கம் அது. வண்டியோ மிக்சியோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். திரையில் வைத்தால் கறைபடும் என்று, பக்கவாட்டில் வசதியாக இருந்த குழியில் நரியார் சந்தனத்தைக் கட்டைவிரலால் நன்றாக அமுக்கிவிட்டார். குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் காய்ந்து, தங்க நிறப் பெட்டியோடு கலந்து யார் கண்ணிலும் படாமல் நின்றது.

அஞ்சனாட்சி துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி மெல்லக் கிளறியது. நெல்லளவு சந்தனம் வெளியே விழுந்தது. தொங்கிய வரிசையை எல்லாம் பிடுங்கிவிட்டு முதலில் வாங்கிய ஒற்றை அடாப்டரை மட்டும் செருகியது. ‘டக்’. பலகையில் விளக்கு எரிந்தது. சந்தோஷத்தில் பலகையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தது. உட்கார்ந்து, இளவரசரின் மீசை முளைக்கப்போகிற இடம் வரைக்கும் விடாமல் வரைந்து முடித்தது.

காலையில் பேனரைப் பார்த்து ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“எல்லாரும் ஆகாதுன்னாங்களே, எப்படி வேலை செஞ்சுது?”

“ராஜா, அந்த ஓட்டையில...” என்று அஞ்சனாட்சி ஆரம்பித்தது.

பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற நரியார் மெல்லத் திரும்பினார். “ஓட்டையில என்னம்மா?”

குரலில் அப்படி ஒரு கனிவு. நுணலும் தன் வாயால் கெடும். முன்பொரு தடவை, நரியார் குறித்த முகூர்த்தம் தப்பு என்று ஒரு முயல் சபையில் சொன்னது. அதற்குப் பிறகு முயலை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு விருந்தில் குழம்பு பிரமாதம் என்று மட்டும் சொல்வார்கள்.

அஞ்சனாட்சி அவசரமாகப் பேச்சைத் திருப்பியது. “ஓட்டையில துரைக்கண்ணு தம்பி கொடுத்த கடைசி அடாப்டர் கச்சிதமாப் பொருந்திடுச்சு, ராஜா.”

பந்தியில் இருந்த துரைக்கண்ணு முதலில் திடுக்கிட்டது. அப்புறம் நெஞ்சை நிமிர்த்தியது. அதற்கு மாலை போட்டார்கள். ராஜா கையைத் தட்டினார். “குருவே, பெட்டி, அடாப்டர், பலகை எல்லாத்துக்கும் ஒரு வெற்றிப் பூஜை போட்டுடுங்க!”

அஞ்சனாட்சி குறுக்கே ஓடியது. “சாமி, மேல்பக்கம் வையுங்க, பார்வையா இருக்கும்.”

“பள்ளத்துல வெச்சாத்தாம்மா நிக்கும்” என்றார் நரியார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார். பெட்டியின் ஓட்டையில் சந்தனம், ஒவ்வொரு அடாப்டரின் வாயிலும் சந்தனம், பலகை ஒயரின் நுனிக்குள் குங்குமம். பேனா முனையை மட்டும் விட்டுவைப்பானேன் என்று அதற்கும் ஒரு அமுக்கு. ராஜகுரு வைத்த பொட்டை யாரும் தொடக்கூடாது என்று ராஜா கரடியைக் காவலுக்கு நிறுத்தினார். அஞ்சனாட்சி எல்லோரோடும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. கண்ணீரைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து ராணிக்கு வளைகாப்பு வந்தது.

“அஞ்சனாட்சி, பேனர் என்னாச்சு?”

“அடாப்டர் வரணும், ராஜா.”

ராஜா மந்திரிகளைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். “பாத்தீங்களா, தொழில் தெரிஞ்சவ. குறை எங்கேன்னு டக்குன்னு சொல்றா.” அன்றே அஞ்சனாட்சிக்குத் தலைமை ஓவியர் பதவி கொடுத்தார். பேனரைக் கிளி போட்டது. ராணிக்கும் புள்ளி இருந்தது. யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் அஞ்சனாட்சிக்குக் கை துறுதுறுத்தது. வெறும் காற்றில் பிடரிமயிர் வரைந்து பார்த்துக்கொண்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது பகல் முழுக்க ஆபீஸில் நன்றாகத் தூங்குகிறது. யாராவது எழுப்பினால் கண்ணைத் திறக்காமலே “அடாப்டர் வந்தாச்சா?” என்று கேட்கும். வரவில்லை என்பார்கள். தூக்கம் தொடரும்.

நீதி: வேலையை முடித்தவரிடம் விளக்கம் கேட்பார்கள், அடாப்டர் கேட்பவருக்குப் பதவி கொடுப்பார்கள். ஆகவே பிள்ளைகளே, ஈர்க்குச்சியைத் துடைப்பத்திலேயே விட்டுவையுங்கள்.