ஐந்து கப்பல்களும் ஐந்து டிரம்களும்

முதலில் 'புஸ்ஸ்' என்று வரும். பிறகு ஓர் இருமல். பிறகு, தொண்டையில் கூழாங்கல் சிக்கியவர் பேசுவதுபோல ஒரு களகளப்பு. அதற்கப்புறம்தான் தண்ணீர்.

ஆதிகேசவன் ஏழு வயதில் கேட்ட சத்தம் அது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் தெருமுனைக் குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். அந்தக் காற்றுக்கே தெரு முழுக்க எழுந்து ஓடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் ஓடுவார். கழுவத் தண்ணீர் ஏது? சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி வசவில் நிறுத்திவிட்டு ஓடுவார்கள். குடம் நிறைந்ததும் மீதி வசவைத் தொடர்வார்கள். ஐம்பத்தைந்து வருஷம் போய்விட்டது. குழாய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் ஆதிகேசவனின் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நிற்கும்.

அந்தக் கால்களை வைத்துக்கொண்டுதான் அவர் விண்வெளியில் ஒரு படை நடத்தினார்.

இது இரண்டாயிரத்து எட்டில். மகள் பார்கவி கல்யாணமாகி மைசூருக்குப் போனபோது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். தெருமுனையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த ஞானசேகரன் ஒருநாள் வந்து அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கப்பல் ஓட்டுகிற விண்வெளி விளையாட்டு. தெருவில் ஐந்து ஆண்கள் அதில் விழுந்தார்கள். ஐந்து கப்பல் சேர்ந்து ஒரு படை. வயதில் மூத்தவர் என்பதால் ஆதிகேசவன் தலைவர்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக அவர் போல்ட் அளந்துகொண்டிருந்தார். அளவு சரியென்றால் இந்தப் பெட்டி. தவறென்றால் அந்தப் பெட்டி. நேற்று வந்த பையன்கள் சூப்பர்வைசர் ஆகி, "கேசவா, இல்லி பா" என்று கன்னடத்தில் 'வா' போட்டுக் கூப்பிட்டார்கள். விளையாட்டில் மட்டும் நாலு பேர் காதோடு வைத்த மைக்கில், "தலைவரே, உத்தரவு?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காக அவர் வாரம் முழுக்கப் போல்ட் அளந்தார்.

ஆனால் இரண்டு முறை படையைத் தொலைத்திருந்தார். முதல் முறை நேராகச் சூரியனுக்குள் ஓட்டினார். இரண்டாம் முறை கரண்ட் போயிற்று. மூன்றாவதும் போனால் தலைமை ஞானசேகரனுக்கு என்று பேச்சு.

"இந்த ஞாயித்துக்கிழம அஞ்சு கப்பலையும் முழுசா கொண்டுபோய் சேக்கறேன். ஒண்ணு கொறஞ்சாலும் தலைமை வேணாம்" என்று ரீசார்ஜ் கடை முன்னால் அறிவித்தார்.

சரக்கு ஏற்றிய ஒரு கப்பலை நடுவில் வைத்து, மற்ற நாலும் காவலாக, கருங்கணவாய் என்கிற இடத்தைக் கடக்கவேண்டும். உள்ளே கொள்ளைக்காரர்கள் காத்திருப்பார்கள். கணவாய் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடிவிடும்.

அதே ஞாயிறு, ஸ்ரீராம்புரத்தில் ஞானசேகரனின் மைத்துனிக்கு வளைகாப்பு. தெருவே குடும்பத்தோடு போகிறது.

"போகாம இருக்க என்னண்ணா சொல்றது?" என்று கோவிந்தப்பா கேட்டான். தெருவின் கீழ்க்கோடி வீட்டுக்காரன். மனைவி எல்லம்மா என்றால் அவனுக்குக் குரலே இறங்கிவிடும்.

ஆதிகேசவன் அதை யோசித்து வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழம நம்ம லைனுக்கு தண்ணி வர்ற நாளு. மூணு மணிக்கு மேல எப்ப வேணாலும் வரும். எல்லாரும் பொண்டாட்டிகிட்ட இதையே சொல்லுங்க: 'ரெண்டு பேரும் போயிட்டா தண்ணி யாரு புடிக்கிறது? நீ நிம்மதியா போயிட்டு வா. ஒரு சொட்டு விடமாட்டேன்.'"

"அப்ப தண்ணி வந்தா வெளையாடறது எப்படி?"

"அங்கதான் மூள வேணும். வெள்ளிக்கிழமையே டிரம்ம ரொப்பி மூடி வெச்சுடுங்க. ஞாயித்துக்கிழம கொழா என்ன கத்தினாலும் நாம அசையக்கூடாது. சாயந்திரம் வந்து பாத்தா டிரம் ரொம்பியிருக்கும். எந்த நாள் தண்ணின்னு அதுல எழுதியா இருக்கு?"

எல்லாரிலும் இளையவனான சீனு தயங்கினான். "ஆளுக்கொரு சாக்கு சொல்லலாமாண்ணா?"

"கூடாது. படைன்னா ஒரே உத்தரவு."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு சூப்பர்வைசருக்கும் வராத குரல் அது. நாலு பேரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஆதிகேசவன் சீக்கிரம் வீடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, முற்றத்து நீல டிரம்மைத் தளும்பத் தளும்ப நிரப்பினார். வனஜா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

"ஏன், எனக்கென்ன?"

"கொடம் தூக்கறீங்களே."

"பாவம், நீ ஒருத்தியே எவ்ளோ செய்வ?"

அவள் முகத்தில் ஏதோ ஒரு நிழல் வந்து உட்கார்ந்ததை அவர் கவனிக்கவில்லை. மனத்துக்குள் கணவாயின் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அவரை மட்டன் கடைக்கு அனுப்பினாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. டிரம் மூடியின்மேல் வைத்த செங்கல் வைத்தபடி இருந்தது. அறைக் கட்டிலில் புதுப் போர்வை, தரை வரைக்கும் தொங்கியது. ஞானசேகரனின் மனைவி பாமா மூச்சு வாங்கியபடி வெளியே போனாள்.

"நாளைக்கு பார்கவி மாமியார் வீட்லருந்து எட்டு பேரு வர்றாங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் வனஜா, பட்டுப்புடவையில். "இன்னிக்கு விட்டா செவ்வாக்கெழமதான் தண்ணி. டிரம் ரொம்பலைன்னா எம் மானம் போயிடும்."

"ஒரு சொட்டு விடமாட்டேன். நீ நிம்மதியா போயிட்டு வா" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி சொன்னதையே மறுபடி சொன்னார்.

"நிம்மதியாத்தான் போறேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று அவர் அப்புறம் பலநாள் யோசித்தார்.

மணி மூன்று. ஆதிகேசவன் கட்டிலுக்கு முதுகைக் காட்டி, மேஜைமுன் உட்கார்ந்து, மைக்கை மாட்டினார். திரையில் கருநீல இருட்டு. அதில் ஐந்து சிறு வெளிச்சங்கள்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கேண்ணா." "இருக்கேன்." "கோவிந்தப்பா இருக்கான்." கடைசியாக, தெருவின் மேட்டுக்கோடி வீட்டு இராஜமாணிக்கம், சரக்குக் கப்பல் அவருடையது: "இருக்கேன் தலைவரே. உங்கள நம்பித்தான் மூட்டைய ஏத்தியிருக்கேன்."

கணவாய் திறந்தது. ஐந்து கப்பலும் உள்ளே நுழைந்தன. ஆதிகேசவன் மூச்சை விடவே பயந்தார். "மெதுவா... சீனு, ஒட்டி வா... ஞானம், முன்னால ஆள் இருக்கா?"

"ஒம்பது பேரு. தூரத்துல நிக்கறாங்க. நாம சேந்து போறவரைக்கும் கிட்ட வரமாட்டாங்கண்ணா."

பாதி தூரம் வந்தாயிற்று. அவர் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு தூரம் ஒழுங்காக வந்ததில்லை. அப்போது காதுக்குள் கேட்டது.

'புஸ்ஸ்.'

"யாருப்பா அது?"

"எங்க வூட்டுக் கொழாண்ணா" என்றான் கோவிந்தப்பா. கீழ்க்கோடி வீட்டுக்குத்தான் முதலில் வரும். வெளியே யாரோ, "நீரு பந்த்து, நீரு!" என்று தண்ணீர் வந்ததைக் கன்னடத்தில் கூவுவதும் மைக்கில் கேட்டது.

"விடு. டிரம் ரொம்பித்தான இருக்கு. அசையாத."

"அசையலண்ணா. காலுதான் எந்திரிக்குது."

"கால மடக்கி வெச்சுக்கோ!"

"திறந்து கெடந்தா முத்தமெல்லாம் ரொம்பிடும்ணா. மூடிட்டு ஓடியாந்துடறேன். அர நிமிஷம்."

அரை நிமிஷம் கழித்து மைக்கில் வந்தது அலறல்.

"அண்ணா! டிரம்முல ஒண்ணுமே இல்லண்ணா! காலி! தட்டினா டங்குன்னு கேக்குது! எல்லம்மா என்ன உரிச்சுடுவா!"

"டேய், கப்பல்... கோவிந்தப்பா! கப்பல்!"

கோவிந்தப்பாவின் கப்பல் ஓட்ட ஆளில்லாமல் மெல்லச் சுற்றியது. தூரத்தில் நின்ற ஒன்பது புள்ளிகளும் நகர்ந்தன.

'புஸ்ஸ்.' இப்போது சீனு வீடு.

"அண்ணா, நானும் ஒருதரம் பாத்துட்டு..."

"பாக்காத! பாத்தா போயிடுவ!"

சீனு பார்த்தான். போய்விட்டான். 'புஸ்ஸ்', இருமல், களகளப்பு. ஞானசேகரன் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நாற்காலி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் வீடு வீடாகத் தெரு ஏறி வந்தது. அடுத்தது ஆதிகேசவன் வீடு.

இந்த முறை மைக்கில் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கால்கள் எழுந்தன. மைக்கின் ஒயர் கழுத்தை இழுத்தது. கழற்றி வீசிவிட்டு முற்றத்துக்கு ஓடினார். செங்கல்லைத் தள்ளி மூடியைத் தூக்கினார். வெள்ளிக்கிழமை தளும்பிய டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் ஒரு பித்தளைச் சொம்பு, சுத்தமாகத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது.

எட்டு பேர். மைசூரிலிருந்து. நாளைக்கு.

குழாயில் ரப்பர் டியூபைச் செருகி டிரம்முக்குள் விட்டார். அறைக்கு ஓடினார். திரையில் மூன்று கப்பல்கள் எரிந்துகொண்டிருந்தன. மேஜைமேல் கிடந்த மைக்குக்குள்ளிருந்து எறும்புக் குரலில் இராஜமாணிக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்: "தலைவரே, நான் ஒருத்தன்தான் இருக்கேன். எந்தப் பக்கம் போறது? தலைவரே?"

"வலது பக்கம்!" என்பதற்குள் முற்றத்தில் டியூப் பிய்த்துக்கொண்டு பாம்பாக ஆடியது. ஓடினார். சொருகினார். நனைந்தார். திரும்பி ஓடினார்.

"தலைவரே..." இராஜமாணிக்கம் இழுத்தார். "எங்க வூட்லயும் காத்து வருது."

ஆதிகேசவன் திரையைப் பார்த்தார். ஒன்பது பேரும் அந்தச் சரக்குக் கப்பலைச் சுற்றி வளைத்தாயிற்று. தன்னை நம்பி மூட்டை ஏற்றிய மனிதர்.

"போப்பா" என்றார். "போய் தண்ணிய புடி."

அது அவருடைய கடைசி உத்தரவு. மூன்று இருபத்திரண்டுக்கு ஐந்து கப்பலும் சாம்பல். கீழே மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்ததால் அவர் குழாயில் நூலளவுதான் வந்தது. கால் டிரம் நிறைவதற்குள் அதுவும் நின்றது. இராஜமாணிக்கம் வீட்டுக்குக் காற்று மட்டும் வந்து போயிற்று.

ஆறு மணிக்குப் பெண்கள் திரும்பினார்கள். தெரு முழுக்க வளையல் சத்தம். வனஜா கையில் கலந்த சாத டப்பாக்களோடு வந்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

"டிரம் ரொம்பிச்சா?"

"கால்தான்... வனஜா, வெள்ளிக்கிழம ரொப்பினேனே... அத கொட்டிட்டியா?"

"தண்ணிய யாராச்சும் கொட்டுவாங்களா?" கட்டிலருகே போய்ப் போர்வையைத் தூக்கினாள். கட்டிலுக்கடியில் பார்கவி கல்யாணத்துக்கு வாங்கிய இரண்டு அண்டாக்களும், எட்டுக் குடங்களும், தளும்பத் தளும்ப. மாலை வெளிச்சம் அவற்றில் ஆடியது. பிற்பகல் முழுக்க அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "எட்டு பேருக்கு தாராளம். அஞ்சு வீட்லயும் கட்டிலுக்கு கீழ இப்படித்தான் இருக்கு."

"ஏன்... ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?" அவள் உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "இருபத்தஞ்சு வருஷத்துல மொத தடவ நீங்க கொடம் தூக்கினீங்க. வேலைய விட்டு தூக்கிட்டாங்களோ, டாக்டர் என்னமோ சொல்லி மறைக்கிறாரோன்னு ராத்திரி தூங்கல. சனிக்கிழம பாமாகிட்ட போயி அழுதேன். 'எங்க வூட்டுக்காரும் ரொப்பினாரு அக்கா'ன்றா. எல்லம்மாவ கேட்டா, 'எங்காளும்தான்'றா. 'நீ நிம்மதியா போயிட்டு வா, ஒரு சொட்டு விடமாட்டேன்.' அஞ்சு வீட்லயும் ஒரே வசனம். ஒருத்தர் சொன்னா நம்பிடலாம். அஞ்சு பேரு சொன்னா அதுக்கு பேரு பொய்கூட இல்லீங்க. யூனியன்."

ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டார். வனஜா திரையைப் பார்த்தாள். கருநீல இருட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை.

"எத்தன பேரு போனீங்க?"

"அஞ்சு."

"எத்தன பேரு வந்து சேந்தீங்க?"

அவர் திரையை அணைத்தார்.

"நாங்க பொம்பளைங்க பதினாலு, கொழந்தைங்க ஆறு" என்றாள் வனஜா, டப்பாவைத் திறந்தபடி. "போக ரெண்டு பஸ்ஸு, வர ரெண்டு பஸ்ஸு, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல. ஒரு செருப்புகூட தொலையல. சாப்பிடுங்க."

படைத் தலைமை ஞானசேகரனுக்குப் போயிற்று. ஆதிகேசவன் இரண்டு வருஷம் கழித்து, சூப்பர்வைசர் ஆகாமலே, ஓய்வு பெற்றார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் பிடித்து வைப்பது அவர்தான்.