விருந்தாளிக்குக் கொயினா கிடையாது

ஸ்ரீவராகம்,
சித்ரபானு வருஷம், ஆவணி.

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் நீலகண்டன் அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். இனி நிஜம்.

என் பெண்டாட்டி விஜயத்துக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல். குண்டுக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தபோது பிடித்தது, நீங்கள் திருநெல்வேலிக்குச் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போன மறுநாளே திரும்பி வந்துவிட்டது. கொயினா மரம் விளையும் ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடையில் அந்த மாத்திரை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கம்பவுண்டர், "ரங்கூன்காராளா? உங்களுக்கு மருந்து அகதி முகாமிலாக்கும்" என்று அனுப்பிவிட்டான். வண்டி பிடித்து முகாமுக்குப் போனால், நாகர்கோவில்காரர் யோசுவா டாக்டர், "நீங்க ஸ்ரீவராகத்துல வீட்டுலல்லா இருக்கிய? வீட்டுக்காரரு விருந்தாளின்னு அதிகாரிகிட்ட சொல்லியிருக்காரே. விருந்தாளிக்கு நான் எப்பிடிக் கொயினா குடுக்க?" என்றார்.

அந்த அதிகாரி வந்து விசாரித்தபோது நான் உள்ளேதான் இருந்தேன், அத்திம்பேரே. "அகதியா? நம்மாத்திலயா? மச்சினன் பத்மநாப ஸ்வாமியைச் சேவிக்க வந்திருக்கான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள். பத்மநாபனைச் சேவிக்க எவனாவது அரக்கான் மலை ஏறி வருவானா? வெளியே நாங்கள் விருந்தாளி. உள்ளே அக்கா ஊற்றும் காப்பியின் நிறத்தைப் பார்த்தால் அகதி என்பது ஸ்பஷ்டம். பி.ஏ. முடித்தவனை "ரங்கூன் உத்யோகம்னா கௌரவமாக்கும்" என்று கப்பலேற்றியதும் நீங்கள்தான். அந்தக் கௌரவம் இன்று என் பெண்டாட்டி உடம்பில் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகையால், "இவர்கள் அகதிகள்தான், நான் சொன்னது பொய்" என்று முகாம் அதிகாரிக்கு உடனே தந்தி அடியுங்கள். கௌரவத்தைக் கஷாயம் வைத்துக் குடித்தால் காய்ச்சல் இறங்காது.

உங்களுக்குத் தீர்க்காயுசும் கொசு இல்லாத ராத்திரிகளும் அருளும்படி பத்மநாபனைப் பிரார்த்திக்கும்,

நீலகண்டன்.

பி.கு.: தந்தி வேண்டாம். டாக்டர் சொல்லி முகாம் அதிகாரியே வந்துவிட்டார். "சாரே, சத்தியம் பறயணும். அகதியோ, விருந்துகாரனோ?" என்று கேட்டார். எதிர்வீட்டுச் சிவகாமியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "விருந்தாளிதான்" என்றேன். விஜயம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தாள். "அவர் விருந்தாளியாவே இருக்கட்டும். அகதி நான்தான்" என்று சொல்லி, அதிகாரியின் வண்டியிலேயே ஏறி முகாமுக்குப் போய்விட்டாள். கொயினா கொடுத்தார்களாம், காய்ச்சல் இறங்குகிறதாம். பார்க்கப் போனேன். வெளியாட்கள் வேலிக்கு அப்பால் நிற்க வேண்டுமாம்.