அடி எண்ணும் பிளகினும் தங்கள் கிடாயும்

கல்லடி,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய நல்லரத்தினம் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வீட்டு மேல் அறையில் இன்றுவரை வாடகைக்கு இருக்கும் கிருஷாந் பணிவுடன் எழுதிக்கொள்வது. பழுகாமத்தில் தாங்களும் அறுவடையும் சுகமென்று நம்புகிறேன். வயல் வட்டையில் மழை இல்லையாம், சந்தோஷம். என் சுகம் இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

இன்று காலை தங்கள் மகள் தக்சிகா படியேறி வந்து, "அப்பா உங்கள அறைய விட்டுப் போகட்டாம். ஏனெண்டு உங்களுக்கே தெரியுமாம்" என்றார். ஓம் ஐயா, தெரியும். கிடாய் விஷயம்தான். போனில் சொல்லலாமென்றால் அறுவடை மெசின் சத்தத்தில் தங்களுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, இன்று தங்களிடம் வரும் தக்சிகாவிடமே கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை வெளிநாட்டுக் கொம்பனிக்கு என் வேலையை ஒப்படைக்க வேண்டும். இந்த நேரத்தில் அறை போனால் வேலையும் சேர்ந்து போய்விடும்.

அந்த வேலை என்னவென்று தாங்கள் கேட்டபோதெல்லாம் "கம்பியூட்டர்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். அது ஒரு கேம் ஐயா. விளையாடுகிறவர் உண்மையாகவே நடந்தால்தான் அதிலுள்ள தோணி நகரும். கேமை ஓட்டுகிற என்ஜின் படம் காட்டும், பாட்டுப் போடும், ஆனால் போனுக்குள் அடி எண்ணுகிற ஒரு சாமான் இருக்கிறதே, அதோடு நேரே கதைக்க அதற்குத் தெரியாது. போனுக்கு விளங்குகிற பாஷையில் நான் ஒரு சின்னக் கம்பியூட்டர் கோட் எழுதி நடுவில் விடவேண்டும். அதுதான் பிளகின், கலியாணத் தரகர் மாதிரி. கம்பியூட்டரில் அதைச் சோதிக்க முடியாது, கம்பியூட்டருக்குக் கால் இல்லை. ஆகவே போனைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடப்பேன், திரை அணைந்ததும் போன் என் பிளகினையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும், திரும்பி வந்து பார்த்தால் தோணி அசையாமல் கிடக்கும், ஒரு வரியைத் திருத்திவிட்டு மறுபடி நடப்பேன். கால் இரண்டும் வீங்கிப்போய், போனைத் தங்கள் மேசை ஃபேனில் கட்டிச் சுற்றவிட்டேன், அது ஏமாறவில்லை, ஃபேன்தான் உடைந்தது. எலி தட்டிவிட்டது என்று சொன்னது பொய். பிறகு தக்சிகாவின் தையல் மெசின் மிதிபலகையில் கட்டி மிதித்தேன், அதன் வார் அறுந்ததும் என்னால்தான்.

நேற்றுப் பின்னேரந்தான் வேலியோரம் முருங்கை இலை தின்றுகொண்டு நின்ற தங்கள் கறுத்தக் கிடாயைக் கண்டேன். போனை ஒரு சொக்ஸுக்குள் போட்டு, பழைய சாறத்தைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டிவிட்டு, மேலே போய், போன் கம்பியூட்டருக்கு அனுப்புகிற அடி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது ஐயா! திரை அணைந்த பிறகும் ஏறியது. கேமில் தோணி கரையைவிட்டுக் கடலுக்கே போய்விட்டது. சந்தோஷத்தில் கட்டிலில் ஏறிக் குதித்தேன் (அதன் சட்டம் கொஞ்சம் விட்டுவிட்டது). எண் நின்றபோது இறங்கி வந்தால் கேற் திறந்து கிடக்கிறது, ஆட்டைக் காணோம். பாலம் வரை தேடினேன். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம், போன் கட்டின ஆடொன்று கண்டீர்களா என்று கேட்டால் ஒருவர், "கண்ட நாங்க தம்பி, ஆரோடயோ கதைச்சிக்கிட்டுப் போச்சு" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிடாயின் விலையைத் தந்துவிடுகிறேன். என்னைப் போகச் சொல்லாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு, களத்தில் நெல் குவியட்டும்.

தங்கள் பணிவுள்ள,
கிருஷாந்

பி.கு: தக்சிகாவிடம் இதைக் கொடுக்கப் போனேன். கிடாயைத் தாங்கள் வெள்ளிக்கிழமை காலையே லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் பெட்டியில் ஏற்றிப் பழுகாமத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்களாம். தங்களுக்குக் கோபம், நான் ஈரத் துவாயைச் சாமியறை யன்னலில் காயப்போட்டதற்காம். அதை எடுத்துவிட்டேன், இனிப் போடமாட்டேன். இதற்குள் பக்கத்து வீட்டு மேர்லின் அக்கா கேற்றடியில் ஒரு கறுத்த ஆட்டோடு வந்து நிற்கிறா. அதன் கழுத்தில் என் சொக்ஸ். "கிடாய்க்கும் மறிக்கும் வித்தியாசம் தெரியாமலா மனே கம்பியூட்டர் படிச்ச நீ? பிள்ளைத்தாச்சி ஆட்ட இப்பிடியா நடத்துற?" என்று கேட்கிறா. தாங்கள் வந்து கதைத்தால்தான் போனைத் தருவாவாம். பிளகின் ஓடுகிற ஒரே போன் அதுதான், நாளைக்கே ஒருக்கால் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா. கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை, தக்சிகாவின் பஸ் வந்துவிட்டது. தயவுசெய்து இக்கடிதத்தைப் பி.கு. என்ற இடத்திலிருந்து மட்டும் வாசிக்கவும்.