எட்டடி ஆழத்தில் சொட்டு பாயின் பல்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எத்தனையோ பேர் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் செய்கிறார்கள். சொந்தப் பல்லைப் போட்டுத் தொழில் செய்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் சொட்டு பாய்.

நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்வது அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மருந்துக் குப்பிகளும் ஒரு கண்ணாடிக் குழாயும் இருக்கும். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் குழாயில் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார். டீக்கடைத் தண்ணீர், மழைத் தண்ணீர், இளநீர் எதுவும் தப்பாது. ஒருமுறை விருந்தில் ரசத்துக்கே சொட்டு விட்டு, "புளிப்பு கொஞ்சம் தூக்கலா கீது" என்றாராம். "அதுக்கு நாக்கு போதாதா பாய்?" என்று கேட்டிருக்கிறார் சமையல்காரர்.

"நாக்கு பொய் சொல்லும் நைனா. சொட்டு சொல்லாது."

எர்ணாவூரில் ஒரு பங்களாவில் நான் தோட்ட வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். முதலாளி குடும்பம் இரண்டு வருஷம் வெளியூரில் இருந்ததில் மோட்டார் ஓடாமல் குளம் பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் கீரைக் கடைசல் பச்சை. தவளைகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன. திரும்பி வந்த முதலாளி முதல் வேலையாகப் பாயைக் கூப்பிட்டார்.

பாய் வந்தார், பார்த்தார், சொட்டு விட்டார். பிறகு வாய்க்குள் கையை விட்டுப் பல் செட்டைக் கழற்றினார். அதைக் கூழாங்கற்களோடு ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஓட்டை போட்ட மூடியால் மூடி, குளத்தின் ஆழமான மூலையில் போட்டுவிட்டார். எட்டடி ஆழம்.

நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். அன்று என்னையறியாமல் கத்திவிட்டேன். "பாய், பல்லு!"

"இருக்கட்டும் மாமு. மேல நின்னு பாத்தா அது தெரியணும். அப்பதான் தண்ணி ரெடி."

"மத்தவங்கல்லாம் ஒரு ரூபா காசு போட்டுப் பாப்பாங்களாமே?"

"காசு தெரியலன்னாலும் தெரியுதுன்னு சொல்ட்டு பூடலாம். பல்லு மேட்டர்ல வயிறு சும்மா வுடுமா? நாலு நாளு கஞ்சி குடிச்சா அஞ்சாம் நாளு தண்ணி தன்னால தெளிஞ்சுடும்."

"கயிறாவது கட்டிப் போட்டிருக்கலாமே."

"கட்டுனா திருட்டுத்தனமா இழுத்து மாட்டிக்குவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அன்று திங்கட்கிழமை. வரும் ஞாயிறு ராயபுரத்தில் அவர் மகளுக்கு நிக்காஹ். விஷயம் தெரிந்து மகள் போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "அத்தா, பல்லு இல்லாம போட்டோவுல வந்து நின்னே, நான் மேடையே ஏற மாட்டேன்!"

"வந்துடும்மா. எங்க பூடப்போவுது, தண்ணிலதான கீது."

சொட்டு விட்டால் நிறம் ஏன் மாறுகிறது என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கக் கூச்சம். நான் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து அவரே சொன்னார். "செவப்பு ஏறிப்போச்சுன்னா தண்ணி முரண்டு புடிக்குதுன்னு அர்த்தம். அப்போ எவ்ளோ ப்ளீச்சிங் கொட்டுனாலும் அது குந்திகினு கொட்டாவி வுடும். மொதல்ல ஆசிட்டு ஊத்தி தண்ணிய வழிக்குக் கொண்டாரணும். அப்பால ப்ளீச்சிங். அதுவும் சாயங்காலம். பகல்ல போட்டா வெயில் முழுங்கிடும்."

அப்படியே செய்தார். புதன்கிழமை குளம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. "பாசி செத்துச்சு" என்று பொக்கை வாயால் சிரித்தார்.

வியாழன் அன்று நான் ஒரு காரியம் செய்தேன். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்தது. லாரித் தண்ணீர்தான் விட வேண்டும் என்பது பாயின் உத்தரவு. லாரி வரவில்லை. கஞ்சி குடித்துக் குடித்து அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று மத்தியானம் போர் மோட்டாரைப் போட்டு நிரப்பிவிட்டேன். சாயங்காலம் அவர் லாரி வந்துவிட்டதென்று நினைத்து வழக்கம்போல் ப்ளீச்சிங் விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் குளம் முழுக்க டீ.

பாய் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து வெயிலில் காட்டினார். "யாரு மாமு டீ போட்டது?"

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்த நான் வெளியே வந்து ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போர் தண்ணில இரும்பு கீது. ப்ளீச்சிங் பட்டா துருவாயிடும்" என்றார், அவ்வளவுதான். பிறகு விரலை மடக்கினார். வெள்ளி, சனி. இரண்டு விரலோடு கை நின்றுவிட்டது. அந்த வாரத்தில் அவர் முகம் வாடியது அப்போதுதான்.

படிகாரம் கரைத்து ஊற்றி மோட்டாரை நிறுத்தினார். துரு அடியில் படியும்வரை யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. கல்யாணப் பெண்ணின் தகப்பனார், நாள் முழுக்கக் குளத்தங்கரையில் உட்கார்ந்து, குளிக்க வந்த காக்காய்களை விரட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நீளமான ரப்பர் குழாய் விட்டு, அடியில் படிந்ததை மெதுவாக உறிஞ்சி வெளியேற்றினார்.

ஞாயிறு காலை எட்டிப் பார்த்தேன். எட்டடிக்குக் கீழே, பாட்டிலுக்குள், பல் செட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

வாசலில் கல்யாண வேன் ஹாரன் அடித்தது. பாய் கம்பில் கட்டிய வலையை உள்ளே விட்டுப் பாட்டிலைத் தூக்கினார். ஒரு வாரம் ப்ளீச்சிங்கில் ஊறிய வலை பாதி வழியில் கிழிந்தது. பாட்டில் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது.

"குதிச்சு எடுங்க பாய்" என்றார் முதலாளி.

"நீச்சல் தெரியாது சார்."

"முப்பது வருஷமா இதானே உங்க வேலை?"

"வெளிய நின்னுதான் சார் வேலை!"

நான் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவன். நடக்கப் பழகும் முன்பே நீந்தப் பழகியவன். ஆனால் முதலாளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றிப் பழக்கமில்லை. சட்டையோடு குதித்தேன்.

பாட்டிலோடு மேலே வந்ததும் பாய் பல்லைக் கேட்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "கண்ணு எரிஞ்சுதா?"

"இல்ல பாய்."

"அப்போ தண்ணி கரீட்டாத்தான் கீது." அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

ஒரு வாரம் மருந்துத் தண்ணீரில் கிடந்ததில் பத்து வருஷ வெற்றிலைக் கறை போன இடம் தெரியவில்லை. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையைவிட மாமனார்தான் பளிச்சென்று இருக்கிறார். ஓரத்தில் ஈரச் சட்டையோடு நிற்பது, அதே வேனில் கூடப் போன நான். மகளே இழுத்து நிறுத்தியது.

இப்போது குளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சொட்டு விடவும் பழகிவிட்டேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் வந்துவிடுவார். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நம்பாமல், பல்லைக் கழற்றிப் பாட்டிலில் போட்டு ஆழத்தில் விடுவார். வலை புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம். அவர் அதைக் கேட்பதே இல்லை. கரையில் உட்கார்ந்து, "மாமு" என்று மட்டும் கூப்பிடுவார்.

நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிப்பேன்.