திரு. இரண்டாம் மாடி நேரில் வரவும்

குடிநீர் வாரியம் நவீனமாகிவிட்டதாக அறிவித்த அன்றுதான் தையல்காரர் வீட்டுக் குழாய் நின்றது. இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று வாரியம் உடனே சுற்றறிக்கை விட்டது.

வாரியத்தின் பழைய கோப்பில் நுகர்வோர் எண், பெயர், முகவரி எல்லாம் கமா போட்டுக் கிடந்தன. தட்டச்சு செய்த புண்ணியவான் தோன்றிய இடத்திலெல்லாம் வரியை உடைத்திருந்தார். அதை ஆள் வாரியாகப் பிரிக்க, கணுக்கால் தெரியும் கால்சட்டையோடு ஓர் ஆலோசகர் வந்தார். கணினிக்கு ரெஜெக்ஸ் என்று ஒற்றை வரி மந்திரம் எழுதினார். எண்ணில் தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு புதிய நுகர்வோர் என்பது அதன் பொருளாம். அலுவலகத்தில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் கைதட்டினார்கள்.

தையல்காரரின் முகவரி கதவு எண்ணுக்கு முன்னால் உடைந்திருந்தது. "14, இரண்டாம் மாடி" என்பது தனி வரி. அந்தக் கணமே பதினான்காம் எண் நுகர்வோராகத் திரு. இரண்டாம் மாடி பிறந்தார். இணைப்பு அவர் பெயருக்குப் போனது. தையல்காரர் முகவரி இல்லாதவர் ஆனார்.

வீட்டில் பச்சைக் குழந்தை. தெருக்கோடியிலிருந்து வாளி சுமந்து மாடியேறி இடுப்பு விட்டுப்போய், மனிதர் அலுவலகத்துக்கு வந்தார்.

"இணைப்புக்குச் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் அதிகாரி.

"அது ஆளில்ல சார். மாடி."

"சிஸ்டத்துல ஆளாத்தானே இருக்காரு?"

"குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல சார்."

"அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

வாரிய ஆய்வாளர் நேரில் போய் அறிக்கை தந்தார்: "திரு. இரண்டாம் மாடி இல்லத்திலேயே இருந்தார். பலமுறை அழைத்தும் பதிலளிக்கவில்லை. ஒத்துழையாமை வருந்தத்தக்கது."

அதிகாரி மனமிரங்கினார். "இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க. வாரிசுன்னு உங்க பேருக்கு மாத்திடறேன்."

"மாடி எப்படி சார் சாகும்?"

"இடிச்சுப் பாருங்களேன்."

தையல்காரருக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் சார் தெரியும்!" என்று கத்தினார்.

சத்தம் பொறுக்காமல் அதிகாரி ஆலோசகரை அழைத்தார். அவர் மந்திரத்தில் ஒரே ஒரு குறியைச் சேர்த்தார்: எண்ணில் தொடங்குகிறது என்பதற்காகப் புது ஆள் என்று நம்பிவிடாதே. மந்திரம் அன்றிலிருந்து யாரையுமே நம்பவில்லை. கோப்பு முழுவதும் ஒரே ஆளாயிற்று. "நுகர்வோர் எண், பெயர், முகவரி" என்ற தலைப்பு வரியில் இருந்தபடி அந்த ஒற்றை நுகர்வோரின் பெயர், திரு. பெயர். அவர் வந்து கையெழுத்திடாததால் ஊர்க் குழாய் அத்தனையும் நின்றது.

மறுநாள் வாரிய வாசலில் வாளி வரிசை. கதவில், அதிகாரியே கையெழுத்திட்ட அறிவிப்பு: "திரு. பெயர் மட்டும் உள்ளே வரவும்." வரிசையில் முதல் ஆள் அதிகாரி. அடுத்தவர் ஆலோசகர். பின்னால், கைதட்டிய எல்லோரும்.

தையல்காரரைக் கண்டதும் அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல பேத்தி பிறந்திருக்கா, தம்பி. இந்தத் திரு. பெயரை உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்தேன் சார். இல்லத்துலயேதான் இருக்காரு. எவ்வளவு கூப்பிட்டும் பதில் சொல்ல மாட்டேங்கறாரு."

சொல்லிவிட்டு, தன் வாளியோடு வரிசையின் கடைசிக்குப் போனார்.